செவ்வாய்க்கிழமைச் சலவையறை

மகள்,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். போன ஞாயிற்றுக்கிழமை நீ வெஸ்ட்லிக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வாசலில் நின்றபடியே ஒரு தாளை நீட்டினாய். "அப்பா, இதில ஒரு சைன் வைச்சாக் காணும். வாசிக்கத் தேவையில்லை, நான் எல்லாம் வடிவா எழுதியிருக்கிறன்" என்றாய். உனக்கு ஏழு நிமிடத்தில் ரயில். "வைச்சிட்டுப் போ, பாப்பம்" என்றேன். அதன் பிறகு நீ அனுப்பிய மூன்று குறுஞ்செய்திகளுக்கும் நான் பதில் போடவில்லை. சைன் வைச்சாச்சா என்று ஒன்று. வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று ஒன்று. மூன்றாவதில் வெறும் கேள்விக்குறிகள். என் வயதில் ஒரு மனிதனுக்குக் கேள்விக்குறிகளை மட்டும் அனுப்பலாம் என்று உனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? நான் கோபத்தில் பதில் எழுதாமல் இருந்தேன் என்று நினைத்திருப்பாய். சரியாகத்தான் நினைத்திருக்கிறாய். ஆனால் எதற்குக் கோபம் என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் விண்ணப்பத்தைப் பற்றி எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆதிக்குடி மாணவர்களில் தொடர்பாடலும் சந்தைப்படுத்தலும் படிக்கிறவர்களுக்கு ஒரு உதவித்தொகை இருக்கிறது. உன் அம்மா இந்த நோர்வேயின் வடகோடி ஆதிக்குடியான சாமி இனத்தவள். அவள் வழியில் அது உனக்கும் உரியது. அதைக் கேட்க நீ யாருக்கும் கூச்சப்படத் தேவையில்லை. அந்தப் படிவத்தை இணையத்தில் தேடி எடுத்து நான் முழுதாக வாசித்தேன். நான்காவது கேள்வியைத்தான் நீ எனக்காகக் கொண்டுவந்தாய். விண்ணப்பதாரர் வளர்ந்த வீட்டில் சாமி மொழி எப்படிப் புழங்கியது, அந்த வீட்டில் வாழ்ந்த வயதுவந்த ஒருவர் எழுதி, அசல் கையெழுத்துடன் உறுதிப்படுத்தவேண்டும். மொழியோடு தொடர்புள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உன் அம்மா போய் மூன்று வருடம். அந்த வீட்டில் வாழ்ந்த வயதுவந்தவர் என்று இனி மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான். ஆகவே என்னிடம் வந்தாய். அதுவும் சரி. ஆனால் என் வாயால் சொல்லவேண்டியதை நீயே எழுதிக்கொண்டு வந்தாயே, அதற்குத்தான் இவ்வளவும்.

"எங்கள் குசினியில் தமிழும் சாமியும் ஒரே அடுப்பில் கொதித்தன" என்று தொடங்குகிறது உன் தாள். நல்ல வசனம். தேயிலைப் பெட்டியில் அச்சடிக்கலாம். அதற்கடுத்த வசனத்தைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. "மொழிக்காக நாட்டை இழந்தவர் என்பதால் என் தந்தை என் தாயின் மொழியையும் தன் மொழியைப் போலவே வீட்டில் வளர்த்தார்." அதன் கீழே என் முழுப்பெயர், பிறந்த திகதி, கையெழுத்துக்கு ஒரு கோடு. மகள், நீ என்னைப் பற்றி மோசமாக எழுதியிருந்தால் நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு விட்டிருப்பேன். நீ என்னை நல்லவனாக்கி எழுதியிருக்கிறாய். என்னைக் கேட்காமல், என்னைக் கழுவித் துடைத்து, பொட்டலம் கட்டி, ஒரு குழுவுக்கு விற்கப் பார்த்திருக்கிறாய். அந்த மனிதன் நானில்லை. இப்படி ஒருவனை நீ சோடித்து வைத்திருப்பதைப் பார்த்தால் உன் அம்மா எவ்வளவு சிரித்திருப்பாள் என்று நினைத்தேன். பிறகு, அவள் சிரித்திருக்க மாட்டாள் என்பதும் நினைவுக்கு வந்தது.

அந்தத் தாளில் இல்லாததை நான் எழுதுகிறேன். பொறுமையாக வாசி. ரயில் ஏழு நிமிடத்தில் வந்தால் போகட்டும். பதினைந்து நிமிடத்தில் இன்னொன்று வரும்.

யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தவனை இந்த நாடு பாரன்ட்ஸ் கடலோரத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் கொண்டுபோய் நிறுத்தியது. இருபது வயது. காலை ஆறு மணிக்கு ரப்பர் சப்பாத்து, கையில் கத்தி, முன்னால் ஓடும் பட்டியில் கொட் மீன். எனக்குப் பக்கத்தில் நின்று முள் எடுத்தவள் மாரித், உன் அம்மா. அவளுடைய அண்ணன் நில்ஸ் தன் சிறிய படகில் மீனைக் கொண்டுவந்து இறக்குவான். முதல் குளிர்காலத்தில் என் கையுறையைப் பார்த்துவிட்டுப் போனவன், அடுத்த நாள் தன் கையுறை ஒன்றைக் கொண்டுவந்து என் பையின் மேல் வைத்துவிட்டுப் போனான். என் பெயரை இரண்டு எழுத்தாகக் குறைத்துக் கூப்பிடாத ஒரே வெள்ளைக்காரன் அவன். அவர்கள் வீட்டுக்கு நான் முதல் முறை போனபோது, கதவைத் திறந்ததும் உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பேச்சு நின்றுவிட்டது. எல்லாரும் நோர்வேஜியனுக்கு மாறினார்கள். எனக்காகச் செய்கிற மரியாதை என்று நினைத்தேன். அந்நியர் வந்தால் அந்த மொழியை ஒளித்துவைக்கிற பழக்கம் அது என்பது எனக்கு விளங்கப் பத்து வருடம் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் அந்த மொழி பேசியதற்காக அவர்களுடைய அப்பாவை மூலையில் நிற்கவைத்தார்கள். அவர் பிறகு தன் பிள்ளைகளை வாசலில் ஆள் தெரிந்ததும் வாயை மூடப் பழக்கினார். இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் செய்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒஸ்லோவுக்கு வந்தோம். நான் படிப்பை முடித்தேன், மின்பொறியியலில் பட்டம் வாங்கினேன், முப்பதுக்கு மேல் விண்ணப்பம் போட்டேன், இரண்டு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒருவன் என் பெயரை வாசிக்க முயன்று, முடியாமல், என்னைப் பார்த்துச் சிரித்தான். கடைசியில் வெஸ்ட்லியில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக்கே வாக்த்மெஸ்தர் ஆனேன். பட்டம் வாங்கிய பொறியியலாளன், பலகணியில் பனி வழிக்கிற, குழாய் அடைப்பு எடுக்கிற, சலவை இயந்திரம் திருத்துகிற பராமரிப்பாளன். இந்தக் கதையை நீ ஆயிரம் தரம் கேட்டிருக்கிறாய், கண்ணை உருட்டியிருக்கிறாய். இந்த முறை அதை என் சாட்டாகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் எனக்கென்று ஏதாவது ஒன்று என் சொற்படி நடக்கவேண்டும் என்ற வெறி எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியவேண்டும்.

உனக்கு மூன்றரை வயது. பார்னஹாகெப் பாலர் பள்ளியில் கூப்பிட்டு, பிள்ளை பேசப் பிந்துகிறது, மூன்று மொழி ஒரு சின்னத் தலைக்குப் பாரமாக இருக்கலாம், பெற்றோர் யோசியுங்கள் என்றார்கள். யோசிக்கத்தான் சொன்னார்கள். நான் வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொன்னேன். உன் அம்மா அடுப்படியில் நின்றாள். "நோர்வேஜியன் வெளியிலே தானாக வரும். வீட்டில் இனித் தமிழ். மற்றது வேண்டாம்" என்றேன்.

"ஏன் என்னுடையது வேண்டாம்?" என்று கேட்டாள்.

"உன்னுடையதால் என்ன பயன்? எத்தனை பேர் பேசுகிறார்கள்? கடையில் பேசலாமா, வேலையில் பேசலாமா?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. "இந்தக் கேள்வியை என்னிடம் முன்பே கேட்டிருக்கிறார்கள். கேட்கிறதில் நீதான் புது ஆள்" என்றாள். பிறகு கோப்பி ஊற்றினாள். எங்கள் நாட்டில் எங்கள் மொழியைப் பார்த்து என்ன சொன்னார்களோ, அதையே நான் நோர்வேஜியனில் மொழிபெயர்த்து என் மனைவிக்குச் சொல்லியிருந்தேன். அன்று அது எனக்கு உறைக்கவில்லை. நான் தமிழுக்காக ஒரு இடம் பிடித்துவிட்டேன் என்ற பெருமைதான் இருந்தது.

அந்தப் பெருமைக்கு உரம் போட்டவர்களையும் நான் மன்னிக்கவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் படிப்பித்தேன், உனக்குத் தெரியும். ஒரு நாள் தேநீர் நேரத்தில் நிர்வாகக் குழுவில் இருந்த ஒரு பெரிய மனிதர், எனக்குக் கேட்கும்படியாகவே இன்னொருவரிடம் சொன்னார்: "வாத்தியார் எல்லாற்றை பிள்ளையளுக்கும் தமிழ் படிப்பிப்பார். தன்ரை பிள்ளை என்ன பாசையிலை அழுமோ தெரியாது." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உன்னை இருத்தி, ஒரு மணித்தியாலம் 'ழ' சொல்ல வைத்தேன். நீ அழுதாய். என்ன மொழியில் அழுதாய் என்று கவனித்தேன், மகள். அவ்வளவு கேவலமாக இருந்தேன். ஏழு வயதில் நீ பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தபோது அந்த மனிதர் கையால்தான் கேடயம் வாங்கினாய். நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

இனி வருவது உனக்குத் தெரியாது. என்னையும் அம்மாவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று போன மாதம் வரை நினைத்திருந்தேன்.

எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் தளத்தில் இருந்த பொதுச் சலவையறை உனக்கு நினைவிருக்கும். வாசலில் ஒரு பலகை, அதில் நாட்களும் நேரங்களும். ஒவ்வொரு வீட்டுக்கும் எண் பொறித்த ஒரு சின்னப் பூட்டு. எந்த நாள் வேண்டுமோ அந்தத் துளையில் அதைப் பூட்டிவைத்தால் அந்த நேரம் உன்னுடையது. எங்கள் பூட்டு செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்திலிருந்து ஏழு வரை. அம்மா உன்னையும் கூட்டிக்கொண்டு இறங்குவாள். பிள்ளைக்கு இயந்திரம் சுற்றுவதைப் பார்க்க விருப்பம் என்பாள். எனக்கும் அது வசதி. மேலே இருந்து பேப்பர் வாசிக்கலாம். உனக்கு நாலரை வயதிருக்கும், ஒரு செவ்வாய்க்கிழமை உலர்த்தியின் வடிகட்டி அடைத்துவிட்டதென்று பக்கத்து வீட்டுக்காரி முறைப்பாடு சொல்ல, நான் கருவிப் பையோடு கீழே போனேன். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை.

நீ உலர்த்தியின் மேல் குந்தியிருந்தாய். கதை சொல்லிக்கொண்டிருந்தாய். சாமியில். ஒன்றிரண்டு சொல்லில்லை, முழுக் கதை. கையை ஆட்டி, குரலை மாற்றி, இடையில் அம்மா ஏதோ கேட்க, "இல்லை, பொறு" என்பது போலக் கையைக் காட்டி, மேலே மேலே சொல்லிக்கொண்டு போனாய். அம்மா சூடான துவாய் ஒன்றை எடுத்து உன் முகத்தில் பொத்தினாள். நீ உள்ளேயிருந்து "லியெக்கஸ்" என்று கத்தினாய். சூடு, இதம் என்று அர்த்தம். அந்த ஒரு சொல் மட்டும் எனக்கு மீன் தொழிற்சாலைக் காலத்திலிருந்து தெரியும். பேசப் பிந்திய பிள்ளை என்று அவர்கள் சொன்னார்களே, அந்தப் பிள்ளையைத் தேடி நான் வாசலில் நின்றேன். என்னோடு நீ தமிழில் நாலு சொல் பேசுவாய், அதுவும் கேட்டால் மட்டும், திருத்துவேனோ என்று என் வாயைப் பார்த்துப் பார்த்து. இங்கே நீ நிறுத்தவேயில்லை.

வடிகட்டியைத் திருத்தாமல் மேலே வந்தேன். எனக்கு எதிராக என் வீட்டிலேயே சதி நடக்கிறது என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்குப் பொறாமை. அதை எழுத எனக்குப் பதினெட்டு வருடம் வேண்டியிருந்திருக்கிறது. அடுத்த நாள் காலை கீழே போனேன். வாக்த்மெஸ்தரிடம் எல்லாப் பூட்டுக்குமான திறப்பு இருக்கும். எங்கள் பூட்டைச் செவ்வாய்க்கிழமையிலிருந்து கழற்றி, சனிக்கிழமை காலை பத்துக்கு மாற்றிப் பூட்டினேன். சனிக்கிழமை பத்து மணிக்கு நீ எங்கே இருப்பாய்? என்னோடு தமிழ்ப் பள்ளியில். அவ்வளவுதான் செய்தேன். ஒருவரையும் அடிக்கவில்லை, ஒரு சத்தம் போடவில்லை. ஒரு திறப்பை அரைச் சுற்று சுற்றினேன்.

"எங்கள் பூட்டு இடம் மாறியிருக்கிறது" என்று அம்மா சொன்னாள். "செவ்வாயில் குழாய் வேலை" என்றேன். அவளிடமும் எங்கள் பூட்டின் திறப்பு இருந்தது, மகள். எந்த நாளும் இறங்கிப்போய் அதைத் திருப்பி மாற்றியிருக்கலாம். அவள் மாற்றவில்லை. குழாய் வேலை என்று ஒன்று நடக்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். நாங்கள் அந்த வீட்டை விட்டுப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும் வரை அந்தப் பூட்டு சனிக்கிழமையிலேயே தொங்கியது. ஆறு வயதில் உன்னிடம் அந்த மொழியில் ஒரு சொல்லும் இல்லை. நான் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன்.

இப்போது உன்னுடைய படத்துக்கு வருகிறேன். உன் விண்ணப்பத்தோடு இணைக்கப்போவதாக நீ போனில் அனுப்பிய, நீ பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டுப் படம். மேடையில் நீ, பக்கத்தில் நில்ஸ் மாமா, வேட்டி சால்வை, இடுப்பில் வெள்ளிப் பொத்தான் பதித்த சாமிப் பட்டை. அதன் கீழே "இரண்டு பண்பாடுகள் கைகோத்த தருணம்" என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தருணம் எப்படி வந்தது தெரியுமா? தாய்மாமன் வந்து சடங்கு செய்யவேண்டும் என்று நான்தான் அழைத்தேன். அவன் இரண்டு விமானம் மாறி வந்தான், தன் இனத்து உடுப்போடு. நீலக் கம்பளி, சிவப்பும் மஞ்சளும் நாடா. அவர்கள் கலியாணத்துக்கும் திருமுழுக்குக்கும் போடுகிற மேலான உடுப்பு. குரோருட் மண்டபத்து வாசலில் அவன் வந்து இறங்கியதும், என் நண்பன் ஒருவன் என் காதுக்குள் கேட்டான்: "என்ன மச்சான், கூத்துப் பார்ட்டியும் பிடிச்சிருக்கிறியோ?" எனக்குச் சுரீரென்றது. நில்ஸை உடுப்பு மாற்றும் அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய், "இங்கே இந்த உடுப்புச் சரிவராது. படம் எடுக்கிறார்கள். இதைக் கட்டு" என்று என் வேட்டியைக் கொடுத்தேன்.

அவன் அதை வாங்கிக் கதிரையில் வைத்தான். பிறகு தன் உடுப்பைக் கழற்றினான். எழுபது கிலோ மீன் பெட்டியைத் தூக்குகிறவனுக்கு அந்த வெள்ளி ஊக்குகளைக் கழற்ற நேரம் எடுத்தது. வேட்டி நிற்கவில்லை. தன் பட்டையை எடுத்து அதன் மேல் கட்டினான். வீடியோக்காரன் வந்து, "அண்ணை, அந்த பெல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கோ, பிள்ளையின்ரை பிளவுஸ் கலருக்கு ஒத்துவரேல்லை" என்றான். நான் சொன்னேன். நில்ஸ் நோர்வேஜியனில் மெதுவாகச் சொன்னான்: "இதையும் கழற்றினால் வேட்டி விழும். நீ அதற்குச் சம்மதமா?" பக்கத்தில் நின்ற பெண்கள் மொழி விளங்காமலே சிரித்தார்கள். இதுதான் உன் கைகோத்த தருணம். நீ பன்னிரண்டு வயதுப் பிள்ளை, நகைப் பாரத்தில் கழுத்தை அசைக்கமுடியாமல் இருந்தாய், உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் இன்று உனக்கு இருபத்திரண்டு. நில்ஸ் உயிரோடு இருக்கிறான், தொலைபேசி இருக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழே ஒரு வசனம் எழுத முன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஒரு சோப்பு விற்பதென்றால் முதலில் அதைக் கையில் எடுத்து மணந்து பார்க்கச் சொல்லி உங்கள் வகுப்பில் சொல்லித் தரமாட்டார்களா?

உன் படிப்பையும் நான் ஏசியிருக்கிறேன். "விளம்பரம் எழுதுறதுக்கும் ஒரு பட்டமோ?" என்று உன் நண்பர்களுக்கு முன்னால் கேட்டேன். பொறியியல் படிக்கச் சொன்னேன், அது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று தெரிந்துகொண்டும். நீ பதிலுக்கு, "அப்பா, உங்கட கதையை ஆராவது ஒழுங்காச் சொல்லியிருந்தா உங்களுக்கு வேலை கிடைச்சிருக்கும்" என்றாய். அந்த ஒரு பதிலுக்காக மூன்று மாதம் நான் உன்னோடு கதைக்கவில்லை. இப்போது சொல்கிறேன், நீ சொன்னது சரி. அம்மாவின் ஊர் மீனவர்கள் தங்கள் மீனைத் தங்கள் பெயரில் விற்க, தங்கள் மொழியில் எழுத, உன்னைப் போல ஒருத்தி தேவை. அதற்கு இந்தப் பணம் உனக்குக் கிடைக்கவேண்டும். ஒழுங்காகச் சொல் என்றால் வடிவாகச் சொல் என்று அர்த்தமில்லை, அதுதான் உனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மருத்துவமனையில் கடைசிக் கிழமை, வடக்கிலிருந்து வந்த ஒரு தாதி அம்மாவின் ஊர்ப் பெயரைக் கோப்பில் பார்த்துவிட்டு அவளோடு சாமியில் பேசத் தொடங்கினாள். அம்மாவின் முகம் மாறியதை நீயும் பார்த்திருப்பாய். நீ யன்னலோரம் போனோடு இருந்தாய். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் கதிரையில், இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த பெண் என்ன சொல்கிறாள் என்று ஒரு சொல்லும் விளங்காமல் இருந்தேன். தாதி போன பிறகு கேட்டேன், "என்ன கதைத்தீர்கள்?" என்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் சிரித்து, "பயன் இல்லாத விஷயம்தான்" என்றாள். எத்தனை வருடம் அதை வைத்திருந்தாள் பார். கோபத்தைச் சேர்த்து வைப்பதில் நான்தான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன்.

நீ முதலில் நில்ஸிடம்தான் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். போன மாதம் அவன் எனக்குத் தொலைபேசி எடுத்தான், மூன்று வருடத்துக்குப் பிறகு. "பிள்ளை என்னிடம் ஒரு கடிதம் கேட்டாள். எங்கள் வீட்டில் நடந்ததை நான் எழுதலாம், உங்கள் வீட்டில் நடந்ததை அப்பாவிடம் கேள் என்று சொல்லிவிட்டேன்" என்றான். பிறகு கேட்டான்: "உங்கள் கட்டடத்தில் அந்தக் குழாய் வேலை முடிந்துவிட்டதா?" போனை வைத்துவிட்டான். ஆகவே அவனுக்கும் தெரியும். அம்மா சொல்லியிருக்கிறாள். அவன் உன்னிடம் சொல்லவில்லை. சாமத்தியவீட்டுக்கு வந்து என் வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றபோதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

இனி உன் தாள். அதில் நான் கையெழுத்து வைக்கமாட்டேன். எனக்கு உன் மேல் கோபம், மகள், இன்னும் ஆறவில்லை. நீ பொய் எழுதியதற்காக அல்ல. உண்மையில் ஒன்றுமே இல்லை என்று நினைத்ததால்தானே பொய் எழுதினாய். அம்மா உனக்கு ஒன்றும் தரவில்லை, காட்டுவதற்கு உன்னிடம் எதுவும் இல்லை என்று எண்ணித்தான் ஒரு அடுப்பையும் ஒரு நல்ல அப்பாவையும் புனைந்தாய். அவள் உனக்குத் தந்தாள். ஒவ்வொரு செவ்வாயும் இரண்டு மணி நேரம், இயந்திரச் சத்தத்துக்குள், கிட்டத்தட்ட ஒரு வருடமாகத் தந்தாள். நீ அதை எடுத்துக்கொண்டாய். கொடுத்தவள் மேலும் வாங்கியவள் மேலும் பிழையில்லை. போன மார்கழியில் நீ இங்கே உடுப்புக் காயவைத்து எடுத்தபோது துவாயை முகத்தில் வைத்து ஏதோ முணுமுணுத்தாய். என்ன என்றேன். "தெரியாது அப்பா, அம்மா சொல்லுற ஒரு சொல்லு" என்றாய். நான் எழுந்து பலகணிக்குப் போய்விட்டேன். என்ன சொல் என்று இப்போது உனக்குத் தெரியும்.

நான் வேறு ஒரு தாள் எழுதியிருக்கிறேன். நோர்வேஜியனில், ஒரு பக்கம். விண்ணப்பதாரரின் தாய் அவருடன் வட சாமி மொழி பேசினார். அவருக்கு நாலரை வயதாயிருந்தபோது அவர் அம்மொழியில் சரளமாகக் கதை சொல்வதை நான் நேரில் கேட்டேன். அது வீட்டின் உள்ளே நடக்கவில்லை. வீட்டில் அதை நான் தடுத்திருந்ததால் நிலக்கீழ் சலவையறையில் நடந்தது. பின்னர் சலவை நேரத்தை நானே மாற்றி அதையும் நிறுத்தினேன். விண்ணப்பதாரரிடம் இன்று அம்மொழி இல்லாததற்குக் காரணம் அவரோ அவரது தாயோ அல்ல. இவ்வளவுதான். ஒரு உவமையும் இல்லை. குழுவில் இருப்பவர்கள் இதை வாசித்து, மொழித் தொடர்பு போதாது என்று உன்னைத் தள்ளலாம். அப்படி நடந்தால் நீ என் மேல் இன்னொரு கோபத்தை வைத்துக்கொள். வைக்க இடம் இருக்கும், நீ என் பிள்ளை. அல்லது அவர்களில் யாராவது ஒருவருக்குத் தன் வீட்டு நிலக்கீழ் அறை ஞாபகம் வரலாம். எனக்குத் தெரியாது. வாழ்நாளில் நான் போட்ட விண்ணப்பங்களில் என் பக்கத்தை நான் மறைக்காமல் எழுதியது இது ஒன்றுதான், அதுவும் என்னுடைய விண்ணப்பமில்லை.

உதவித்தொகை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நில்ஸிடம் போ. அந்தப் படத்தைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்து, கீழே என்ன எழுதலாம் என்று கேள். அவன் சொல்வதை அப்படியே எழுது, செதுக்காதே. அவனுடைய நீல உடுப்பைப் போடச் சொல்லிப் புதிதாக ஒரு படம் எடு. எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. சுவரில் மாட்டுவேன் என்று வாக்குத் தரமாட்டேன், வைத்திருப்பேன்.

இப்போது தபால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது. நாளை காலை ஸ்டோவ்னர் கடைத்தொகுதித் தபால் மேசையில் கொடுத்தால் வியாழனுக்குள் உன் கையில் இருக்கும். ஒரே உறைக்குள் மூன்று வைக்கிறேன். உன் தாள், நீ தந்தபடியே, கோடு வெறுமையாக. என் தாள், முழுப்பெயரும் பிறந்த திகதியும் கையெழுத்துமாக. அதைக் குழுவுக்குக் கொடு. மூன்றாவது இது. உன்னை எனக்குத் தெரியும், பிள்ளை. இதை வாசித்து முடித்ததும், அழுதிருந்தாலும்கூட, இதிலிருந்து எந்தப் பந்தியை எடுத்து இணைக்கலாம் என்று உன் மூளை ஒரு நொடி கணக்குப் போடும். தகப்பனின் கடிதம், நல்ல சரக்கு. அதனால்தான் இதில் என் பெயரைப் போடவில்லை. கையெழுத்தில்லாத கடிதத்தை எந்தக் குழுவும் ஏற்காது. இது அவர்களுக்கு இல்லை. எழுதினது ஆர் என்று உனக்கு ஆரும் உறுதிப்படுத்தத் தேவையில்லை.